அரை விநாடிக் காற்று

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் டண்டி என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. அதன் தெற்கு ஓரத்தில் டே ஆறு, கடலில் கலப்பதற்கு முன்பு, இரண்டு கிலோமீட்டருக்கும் மேலாக அகன்று கிடக்கிறது. அந்த அகலத்தை 42 கண்கள் கொண்ட ஒரு சாலைப் பாலம் தாண்டுகிறது. 1966-இல் திறந்தார்கள், நீளம் 2.25 கி.மீ. காற்று பலமாக அடிக்கும் நாளில் இந்தப் பாலத்தை ஒரேயடியாக மூடிவிடுவதில்லை. வாகனங்களை வகைவகையாகக் கழிக்கிறார்கள். காற்று மணிக்கு 72 கி.மீ. வேகத்தைத் தொட்டால் மாடி பஸ்களுக்குத் தடை. 97-ஐத் தொட்டால் கார்களும் சாதாரண பஸ்களும் மட்டும் போகலாம். 129-ஐத் தொட்டால் யாருக்கும் வழி இல்லை. மைல் கணக்கில் எண்ணும் அந்த ஊர்க்காரர்களுக்கு இவை 45, 60, 80.

இந்த வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள மாடி பஸ்ஸுக்கு முதல் தடை. ஒன்றரை டன்கூடத் தேறாத காருக்குக் கடைசித் தடை. கனமான பொருள் காற்றுக்கு அசையாது என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? இங்கே கனமானது முதலில் நிறுத்தப்படுகிறது. இந்தப் பட்டியலை எழுதியவர்கள் காற்றை எடையால் அளக்கவில்லை. வேறு ஏதோ ஒன்றால் அளந்திருக்கிறார்கள். அது என்ன என்பதைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்கு நூறாண்டு ஆனது. அந்தப் பாடத்தின் முதல் வரி இதே ஆற்றின் மேல்தான் எழுதப்பட்டது.

சாலைப் பாலத்துக்குச் சற்று மேற்கே ஒரு ரயில் பாலம் உண்டு. அதன் அருகில், தண்ணீருக்கு மேல் தலைகாட்டியபடி, பழைய தூண்களின் அடிக்கட்டைகள் வரிசையாக நிற்கின்றன. தாமஸ் பௌச் என்ற பொறியாளர் கட்டி 1878-இல் திறந்த முதல் டே ரயில் பாலத்தின் மிச்சம் அவை. 1879 டிசம்பர் 28, ஞாயிறு இரவு. புயல்காற்றில் பாலத்தின் நடுப்பகுதி முழுவதும் சரிந்தது. அப்போது அதன் மேல் போய்க்கொண்டிருந்த ரயிலும் ஆற்றுக்குள் போனது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. காற்றின் தள்ளுவிசைக்கென்று பௌச் தனியாக எதையும் ஒதுக்கிக் கணக்கிடவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. அடுத்து ஃபோர்த் ஆற்றின் மேல் கட்ட அவர் வரைந்திருந்த பாலமும் அத்தோடு கைவிடப்பட்டது.

அதன்பிறகு பிரிட்டிஷ் அரசு ஒரு கடுமையான விதி போட்டது: இனி கட்டப்படும் பாலம் ஒவ்வொரு சதுர அடிக்கும் 56 பவுண்டு காற்றழுத்தத்தைத் தாங்க வேண்டும். மீட்டர் கணக்கில், ஒரு சதுர மீட்டருக்கு 273 கிலோ. மணிக்கு ஏறக்குறைய 240 கி.மீ. வேகத்தில் அடிக்கும் காற்றுதான் அப்படி அழுத்தும். ஃபோர்த் ரயில் பாலத்தைக் கட்ட வந்த பெஞ்சமின் பேக்கர் இந்த விதிக்குக் கட்டுப்பட்டார். கூடவே அவருக்கு ஒரு சந்தேகமும் எழுந்தது. இவ்வளவு அழுத்தம் பாலத்தின் முழு நீளத்திலும் ஒரே நேரத்தில் விழுமா?

அதைச் சோதிக்க அவர் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஆற்றின் நடுவே இருக்கும் இஞ்ச்கார்வி என்ற பாறைத் தீவில் காற்றுக்கு எதிராகப் பலகைகளை நிறுத்தினார். ஒன்று மிகப் பெரியது, 300 சதுர அடி. மற்றவை மிகச் சிறியவை, ஒன்றரை சதுர அடி. காற்று தள்ளும்போது ஒவ்வொரு பலகையும் ஒரு சதுர அடிக்கு எவ்வளவு அழுத்தம் வாங்குகிறது என்று குறித்துவந்தார்கள். ஒரே இடம், ஒரே காற்று. ஆனால் சிறிய பலகை காட்டிய அழுத்தம் பெரிய பலகை காட்டியதைவிட அதிகமாகவே இருந்தது.

அதன் பொருள் இதுதான். காற்று ஒரு சுவரைப் போலச் சீராக நகர்ந்து வருவதில்லை. திட்டுத் திட்டாக வருகிறது. ஒரு திட்டில் வேகம் அதிகம், பக்கத்துத் திட்டில் குறைவு. சிறிய பலகை வேகமான திட்டுக்குள் முழுதாக அகப்பட்டுக்கொள்கிறது. பெரிய பலகையில் ஒரு மூலையில் வேகமான திட்டு அடிக்கும்போது இன்னொரு மூலையில் மெதுவான திட்டு இருக்கிறது. மொத்தத்தில் சராசரி குறைந்துவிடுகிறது. இப்படிச் சில விநாடிகள் மட்டும் எகிறி அடங்கும் வேகத்தைக் 'காற்றுவீச்சு' என்று சொல்வோம். அரை கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தின் கண் இத்தகைய பல வீச்சுகளை ஒரே சமயத்தில் வாங்கிச் சராசரியாக்கிக்கொள்கிறது. அதன் மேல் போகும் லாரியின் நீளமோ பதினாறு மீட்டர். அதற்குச் சராசரி கிடையாது. வீச்சு வந்தால் தலைமுதல் கால்வரை அதற்குள்தான்.

நல்ல சாலைப் பாலத்தில் புயலன்று பாலம் விழுமோ என்ற பயம் இன்று பெரும்பாலும் இல்லை. 1940 நவம்பரில் அமெரிக்காவின் டகோமா பாலம், மணிக்கு வெறும் 64 கி.மீ. காற்றில் முறுக்கிக்கொண்டு அறுந்து விழுந்த பிறகு, பெரும்பாலங்களின் மாதிரிகள் காற்றுச் சுரங்கத்தில் சோதிக்கப்பட்டுத்தான் எழுகின்றன. மிச்சிகன் மாநிலத்தில் 1957-இல் திறக்கப்பட்ட மேக்கினா தொங்குபாலத்தின் நடுப்பகுதி பெருங்காற்றில் பத்து மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் ஒதுங்கலாம் என்று கணக்கிட்டே கட்டியிருக்கிறார்கள். ஊஞ்சல் போல ஆடுவதில்லை. காற்று தள்ளும் பக்கம் மெல்ல ஒதுங்கி, காற்று அடங்கும்வரை அங்கேயே நின்று, பிறகு மெல்லத் திரும்புகிறது. மேலே கார் ஓட்டுபவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. பாலம் பத்திரமாக இருக்கிறது. ஆபத்து அதன் மேல் போகும் வண்டிகளுக்கு.

அந்த ஆபத்தைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது: வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. மணிக்கு 40 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பைச் சுமார் 8 கிலோ எடையளவு அழுத்தும், 80 கி.மீ. காற்று 31 கிலோ. நீண்ட கன்டெய்னர் லாரியின் பக்கவாட்டுப் பரப்பு ஏறக்குறைய 37 சதுர மீட்டர். ஆக 80 கி.மீ. காற்றில் அதன் விலாவை 1,100 கிலோவுக்கு மேல் தள்ளுகிறது. ஐம்பது கிலோ அரிசி மூட்டைகள் இருபத்திரண்டை ஒன்றாகக் கட்டி லாரியின் மீது சாய்த்த மாதிரி. காற்று இன்னும் 20 கி.மீ. கூடினால் போதும், மூட்டைகளின் எண்ணிக்கை முப்பத்தைந்து ஆகிவிடும்.

இப்போது மாடி பஸ்ஸின் புதிர் அவிழ்கிறது. காற்று தள்ளுவது எடையை அல்ல, பரப்பை. அதுவும் எந்த உயரத்தில் தள்ளுகிறது என்பதில்தான் சூட்சுமம். நாலே கால் மீட்டர் உயரமுள்ள பஸ்ஸின் மேல் விழும் விசை தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேலே ஒரு நெம்புகோலாக வேலை செய்கிறது. அதை எதிர்த்து நிற்கும் சக்கரங்களோ நடுக்கோட்டிலிருந்து ஒன்றேகால் மீட்டருக்குள். கார் அப்படியில்லை. ஒன்றரை மீட்டர் உயரம், ஒன்றேமுக்கால் மீட்டர் அகலம். உயரத்தைவிட அகலம் பெரிது. அதன் மேல் விழும் காற்றுக்கு நெம்புவதற்குப் பிடி கிடைப்பதில்லை.

எடைக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. லாரிகளிலேயே மிக ஆபத்தானது காலி லாரி. சரக்கேற்றிய கன்டெய்னர் லாரி 40 டன்னைத் தொடும். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பின்னால் இழுத்துவரும் கூண்டும் சட்டமும் சேர்ந்து ஆறேழு டன்தான். காற்று பார்க்கும் பரப்பு அப்படியே இருக்கிறது. அதைப் பிடித்துவைக்கும் எடை மட்டும் போய்விட்டது. வீட்டு வண்டிகளான கேரவன்களும் இதே காரணத்தால் பட்டியலில் மேலே வருகின்றன: உயரமான, கனமில்லாத பெட்டி. கடைசிச் சரக்கை இறக்கி வீட்டுக்குத் திரும்பும் ஓட்டுநர், வேலை முடிந்தது என்ற நிம்மதியில் இருக்கும் அந்த நேரத்தில்தான் அவருடைய வண்டி மிகவும் நொய்ந்து இருக்கிறது என்பது யோசிக்க வைக்கிறது.

சரி, எவ்வளவு நேரத்தில் இது நடக்கிறது? பின்னாளில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் பேராசிரியரான கிறிஸ் பேக்கர் 1980-களில் இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தார். (நூறாண்டு இடைவெளியில், இதே பிரச்சினையில் இரண்டாவது பேக்கர்.) பக்கக்காற்றின் வீச்சுக்குள் வண்டி நுழைந்து அரை விநாடிக்குள் மூன்றில் ஏதாவது ஒன்று நடந்தால் அதை விபத்தாகவே கணக்கிடலாம் என்றார். ஏதாவது ஒரு சக்கரத்தின் மேல் விழும் பாரம் சுழியாகலாம், அதாவது டயர் தரையை விடலாம். அல்லது வண்டி அரை மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் நகரலாம். அல்லது 0.2 ரேடியனுக்கு மேல், நமக்குப் பழகிய கணக்கில் சுமார் பதினொன்றரை டிகிரி, திரும்பிவிடலாம்.

ஏன் அரை விநாடி? அதற்குள் ஓட்டுநரால் எதுவும் செய்ய முடியாது. காற்று தள்ளுவதை உடல் உணர்ந்து, மூளை புரிந்துகொண்டு, கை ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்குவதற்கே ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகிவிடும். 90 கி.மீ. வேகத்தில் அந்த நேரத்துக்குள் வண்டி பன்னிரண்டரை மீட்டர் ஓடியிருக்கும். ஏன் அரை மீட்டர்? பிரிட்டனின் பெருஞ்சாலைகளில் ஒரு தடத்தின் அகலம் 3.65 மீட்டர். லாரியின் அகலம் 2.55 மீட்டர். நடுவில் ஓடும் லாரிக்கு இருபக்கமும் மிஞ்சும் இடம் தலா 55 சென்டிமீட்டர். கெட்டிக்கார ஓட்டுநர், கவனக்குறைவான ஓட்டுநர் என்ற வித்தியாசம் இந்த அரை விநாடிக்குள் இல்லை. பாலத்தின் பாதுகாப்பு விதிகள் எல்லாமே ஓட்டுநரின் திறமையை நம்பாமல் எழுதப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

காற்று நாளில் பாலத்தில் முதலில் மாறுவது வேக வரம்பு. மெதுவாகப் போனால் நல்லது என்ற பொதுவான அறிவுரை என்று அதை எடுத்துக்கொள்வோம். ஆனால் அதற்குள் ஒரு சுவையான வடிவியல் ஒளிந்திருக்கிறது. காற்று நேர்பக்கத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தில் அடிக்கிறது, லாரி 90 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. லாரி தானே முன்னால் ஓடுவதால் எதிரிலிருந்தும் அதற்கு 90 கி.மீ. காற்று. இரண்டும் செங்கோணத்தில் சேர்ந்து, பிதாகரஸ் சொன்னபடி, லாரி உணரும் காற்றின் வேகம் 135 கி.மீ. ஆகிவிடுகிறது. அது சாய்வாக வந்து விழுகிறது. இதே லாரி 30 கி.மீ. வேகத்துக்கு இறங்கினால் உணரும் காற்று 104 கி.மீ.தான். வர்க்கம் எடுத்துப் பார்த்தால் அழுத்தம் நாற்பது சதவீதம் குறைந்துவிட்டது. புயல் அப்படியேதான் வீசுகிறது. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தே அதில் பெரும் பங்கைக் கழித்துவிட்டார்.

தொங்குபாலங்களில் இன்னொரு பொறி உண்டு: கோபுரம். தள்ளும் காற்றுக்கு எதிராக ஓட்டுநர் ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பிப் பிடித்தபடி ஓட்டிக்கொண்டிருக்கிறார். வண்டி கோபுரத்தின் காலுக்குப் பின்னால் வந்ததும் காற்று சட்டென்று நின்றுவிடுகிறது. திருப்பிப் பிடித்த கை வண்டியைக் காற்று வந்த திசைக்கே இழுக்கிறது. அதைச் சரிசெய்யக் கை மறுபக்கம் போவதற்குள் கோபுரம் கடந்துவிடுகிறது. காற்று முழு வலுவோடு, இப்போது கை போன திசையிலேயே, மீண்டும் அடிக்கிறது. சீராக அடிக்கும் பலமான காற்றைவிட, நின்று அடிக்கும் காற்று பொல்லாதது. பெரிய லாரியின் மறைவில் ஓடிவிட்டு அதை முந்தி வெளியே வரும் சிறிய காருக்கும் இதே கதிதான்.

இத்தனையையும் முடிவு செய்ய ஓர் எண் வேண்டும். அதைத் தருவது காற்றுவேகமானி. அரைக்கோளக் கிண்ணங்கள் சுழலும் பழைய கருவியை 1846-இல் அயர்லாந்தின் வானியலாளர் ராபின்சன் உருவாக்கினார். கிண்ணங்கள் எந்த அளவில் இருந்தாலும் காற்றின் வேகத்தில் சரியாக மூன்றில் ஒரு பங்கில் சுழலும் என்று அவர் நம்பினார். அது பிழை என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் கருவி நிலைத்துவிட்டது. இன்று பல பாலங்களில் சுழலும் பாகமே இல்லாத மீயொலிக் கருவிகள் நிற்கின்றன. காதுக்குக் கேட்காத அளவு கீச்சென்ற ஒலி மீயொலி. இருபது சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு முனைகள். ஒன்றிலிருந்து மற்றதற்கும், பிறகு எதிர்த்திசையிலும் ஒலித்துடிப்பு போகிறது. காற்றோடு போகும் ஒலி சீக்கிரம் சேரும், காற்றை எதிர்க்கும் ஒலி தாமதிக்கும். மணிக்கு 72 கி.மீ. காற்றில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு விநாடியில் பதினாலாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு நுண்ணிய தாமதத்தை அளந்து, டண்டியின் மாடி பஸ் இன்று பாலம் ஏறலாமா என்று சொல்லிவிட முடிகிறது.

எதை அளப்பது என்பதும் முக்கியம். வானிலை அறிக்கையில் வரும் காற்றின் வேகம் பொதுவாகப் பத்து நிமிடச் சராசரி. காற்றுவீச்சு என்பது மூன்று விநாடிச் சராசரி. திறந்தவெளியில் சராசரி 60 என்று காட்டும்போது நடுநடுவே 85 அடித்துவிட்டுப் போகும். லாரியைக் கவிழ்ப்பது அந்த 85 என்பதால் பாலத்துக்காரர்கள் கவலையெல்லாம் வீச்சின் மேல்தான். திசையும் சேர்ந்தே கணக்கில் வருகிறது. பாலத்தின் நீளவாக்கில் ஓடும் காற்று வண்டிக்கு முன்னாலோ பின்னாலோதான் தள்ளும், பெரிய தொல்லையில்லை. ஸ்காட்லாந்தின் துரதிர்ஷ்டம், அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசுகிறது. டே, ஃபோர்த் ஆறுகளின் முகத்துவாரங்கள் கிழக்கு மேற்காகக் கிடக்கின்றன. எனவே பாலங்கள் தெற்கு வடக்காகத்தான் போக முடியும். காற்று ஆற்றின் மேல் தடையில்லாமல் ஓடிவந்து பாலத்தின் விலாவில் நேராக விழுகிறது.

ரயில் பாலமாக இருந்தால் எண் கிடைத்தவுடன் வேலை முடிந்தது. நம் பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் காற்றுவேகமானியோடு இணைந்த சிக்னல் சிவப்பாகி, ரயில் நின்றுவிடும் என்பதுதான் ஏற்பாடாக இருந்தது. சாலையில் அப்படி முடியாது. நூற்றுக்கணக்கான ஓட்டுநர்கள் ஆளுக்கொரு அவசரத்தில் வருகிறார்கள். அவர்களில் யார் உயரமான வண்டி, யார் காலி வண்டி என்று பிரித்து, சரியான ஆளை மட்டும், சரியான இடத்தில் நிறுத்த வேண்டும்.

சரியான இடம் பாலத்தின் வாசல் இல்லை. அங்கே வந்துவிட்ட லாரியால் திரும்பவும் முடியாது, பின்னால் வருபவர்களுக்கு வழிவிடவும் முடியாது. 1964-இல் திறந்த ஃபோர்த் சாலைப் பாலத்துக்கு மாற்று வழி, ஆற்றோடு மேற்கே வெகுதூரம் போனால் வரும் கின்கார்டின் பாலமாக இருந்தது. ஆகவே எச்சரிக்கைப் பலகை கின்கார்டினுக்குப் பிரியும் சாலைச் சந்திப்புக்கும் முன்னால், பாலம் கண்ணுக்கே தெரியாத இடத்தில் ஒளிர வேண்டியிருந்தது. காற்றில்லாத, மரங்கள் மறைத்த அந்தச் சாலையில் ஓட்டிவரும் ஒருவரை, பல கிலோமீட்டர் தள்ளி அடிக்கும் காற்றுக்குப் பயந்து இப்போதே திரும்பு என்று நம்பவைக்க வேண்டியிருந்தது. இந்த வேலையில் ஆகக் கடினமான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

நம்பாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2017 ஜனவரி 11 அதிகாலை காட்டியது. ஃபோர்த் சாலைப் பாலம் உயரமான வண்டிகளுக்கு மூடியிருந்த நேரத்தில் ஒரு லாரி அதில் ஏறியது. பாலத்தின் மேல் காற்று அதைப் புரட்டி நடுத்தடுப்பின் மீது சாய்த்தது. காற்று தொடர்ந்து அடித்ததால் மீட்பு வண்டிகளும் உடனே வேலையைத் தொடங்க முடியவில்லை. ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் மேற்பட்ட வண்டிகள் கடந்த அந்தப் பாலம் பத்தொன்பது மணி நேரம் முடங்கியது.

மேக்கினாவில் வேறொரு வழி வைத்திருக்கிறார்கள், எனக்கு அது மனிதத்தன்மை மிக்கதாகத் தெரிகிறது. காற்று 56 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் உயரமான வண்டிகளை விரட்டுவதில்லை, ஓரமாக நிறுத்திவைக்கிறார்கள். பிறகு பாலத்தின் ஊழியர்கள் ஒரு வண்டியில் முன்னால் போக, லாரிகள் அதன் பின்னால் மணிக்கு 32 கி.மீ. வேகத்தில் எட்டுக் கிலோமீட்டர் பாலத்தைக் கடக்கின்றன. முன்னால் போகிறவரை முந்த முடியாது என்பதால் வேக வரம்பைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 80 கி.மீ. காற்றில் அந்த லாரிகளுக்கு முழுத் தடை. 105-ஐத் தொட்டால் எல்லாருக்கும். அந்தப் பாலத்தின் தரையிலேயே ஒரு தந்திரமும் உண்டு. நான்கு தடங்களில் உள்ளே இருக்கும் இரண்டு தடங்கள் கான்கிரீட்டால் மூடப்படாத இரும்புக் கிராதி. சக்கரத்தின் கீழே, கம்பிகளின் இடைவெளியில், அறுபது மீட்டர் ஆழத்தில் தண்ணீர் தெரியும். பாலத்துக்கு அடியில் புகுந்து மேலே தூக்கப் பார்க்கும் காற்று அந்த இடைவெளிகளில் வெளியேறிவிடுகிறது.

இவ்வளவு நிறுத்தல்களுக்கும் பதிலாகக் காற்றையே தடுத்துவிட்டால்? பாலத்தின் இருபுறமும் சுவர் எழுப்பினால் என்ன என்று யாருக்கும் தோன்றும். முழுச்சுவர் இரண்டு விதத்தில் காலை வாரிவிடும். காற்றின் முழு விசையும் இப்போது பாலத்தின் மேலேயே விழும். அதோடு, சுவரின் உச்சியைத் தாண்டும் காற்று சுருண்டு உள்பக்கம் விழுந்து, எந்தத் திசை என்று கணிக்க முடியாத சுழல்களாக வண்டிகளைப் போட்டு அலைக்கழிக்கும். விடை, பாதி ஓட்டையாக இருக்கும் தடுப்பு. இடைவெளி விட்டு அடுக்கிய பட்டைகள் காற்றில் ஒரு பகுதியை உள்ளே விடுகின்றன. அப்படி உள்ளே வரும் மெதுவான காற்று, மேலே தாண்டிவரும் வேகமான காற்று கீழே சுருண்டு விழாமல் ஒரு மெத்தையாகத் தாங்கிக்கொள்கிறது. கொஞ்சம் காற்றை அனுமதித்தால்தான் நிறையக் காற்றைத் தடுக்க முடிகிறது.

இங்கிலாந்தையும் வேல்ஸையும் இணைத்து 1996-இல் திறந்த இரண்டாவது செவர்ன் பாலத்தில் மூன்று மீட்டர் உயரத்தில் இப்படிப்பட்ட தடுப்பு இருக்கிறது. பிரான்சில், பள்ளத்தாக்கின் அடியிலிருந்து 270 மீட்டர் உயரத்தில் ஓடும் மீயோ மேம்பாலத்தின் மூன்று மீட்டர் தடுப்புகள் சாலையில் காற்றின் தாக்கத்தைப் பாதியாகக் குறைக்கின்றன. ஃபோர்த் ஆற்றிலும் 2017 ஆகஸ்டில் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் குவீன்ஸ்ஃபெரி பாலத்தைத் திறந்தார்கள். காற்றுத் தடுப்புகளோடு சேர்த்தே அதை வடிவமைத்திருந்தார்கள். அந்தச் 'சேர்த்தே' முக்கியம். தடுப்பு வாங்கும் விசையையும் பாலம்தான் சுமக்க வேண்டும் என்பதால், பழைய பாலத்தில் பின்னால் கொண்டுபோய்ப் பொருத்துவது எளிதில்லை. பழைய பாலம் இன்று பஸ்களுக்கும் சைக்கிள்களுக்கும் நடப்பவர்களுக்கும் ஆனது.

தடுப்பு இருந்தும் மூட வேண்டிய நாள் வரத்தான் செய்கிறது. 2022 பிப்ரவரி 18 அன்று யூனிஸ் புயலில், செவர்ன் ஆற்றின் இரண்டு பெரிய சாலைப் பாலங்களும் காற்றுக்காக வரலாற்றில் முதல்முறையாக ஒரே நேரத்தில் மூடப்பட்டன. வைட் தீவின் நீடில்ஸ் முனையில் அன்று பதிவான வீச்சு மணிக்கு 196 கி.மீ. குவீன்ஸ்ஃபெரிக்கு வேறு எதிரி வந்தது. 2020 பிப்ரவரியில் அதன் உயரமான கோபுரங்களிலும் வடங்களிலும் உறைந்த பனிக்கட்டி பெயர்ந்து கீழே ஓடிய வண்டிகளின் மேல் விழுந்தது. எட்டு வண்டிகள் சேதமாகவே, பாலத்தை மூடினார்கள். காற்றுக்குத் தடுப்பு கட்டிய பாலம், மேலிருந்து விழும் பனிக்கு உணரிகளைத் தேட வேண்டியதாயிற்று.

மூடுவதைவிடத் திறப்பதில் நிதானம் அதிகம் வேண்டும். வீச்சு ஒருமுறை வரம்பைத் தாண்டினாலே தடை போடலாம். ஆனால் ஒருமுறை இறங்கிவிட்டது என்று தடையை எடுக்க முடியாது. புயலின் நடுவில்கூடச் சில நிமிடங்கள் காற்று மூச்சு வாங்கும். உடனே திறந்தால், காத்துக் கிடந்த அத்தனை லாரிகளும் ஏறிப் பாலத்தின் நடுவில் இருக்கும்போது அடுத்த வீச்சு வந்து சேரும். அதனால் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் திரையில் எண் வரம்புக்குக் கீழே இறங்கி, அங்கேயே தங்குகிறதா என்று பார்க்கிறார்கள். அடுத்த சில மணி நேரத்துக்கான வானிலைக் கணிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். பிறகு மூடிய வரிசையைத் தலைகீழாகப் பிடித்துத் திறக்கிறார்கள்: டேயில் முதலில் கார்களும் சாதாரண பஸ்களும், அடுத்து லாரிகளும் வேன்களும், எல்லாருக்கும் கடைசியில் மாடி பஸ்.